கதவுக்கு எது சரி, தள்ளுதலா இழுத்தலா? சின்னப் பிள்ளைகளுக்கு விசை நடத்திய அனுபவம்

முதல் வருஷம் இந்தப் பாடத்தைக் கரும்பலகையில்தான் தொடங்கினேன். "தள்ளுவதும் இழுப்பதும் விசை." மூன்று தடவை கோரஸாகச் சொல்ல வைத்தேன். அப்புறம் படம் போட்ட பயிற்சித்தாள்: கதவு, வண்டி, பந்து, இழுப்பறை. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'த' அல்லது 'இ' எழுத வேண்டும். ஒரு பெண் கதவுக்கு இரண்டையும் எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் 'த' மட்டும்தான், தப்பு போட்டுவிட்டேன். அவள் எதுவும் பேசவில்லை. எழுந்து போய் வகுப்பறைக் கதவைத் தள்ளிக் காட்டினாள், கைப்பிடியைப் பிடித்து இழுத்தும் காட்டினாள். நான் போட்ட சிவப்புக் கோட்டை நானே அடித்தேன்.

தள்ளுதலும் இழுத்தலும் பொருளுக்குள் இருப்பவை அல்ல, நாம் செய்பவை. அதனால் இப்போது படத்தைக் காட்டிக் கேட்பதே இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒருவர் இழுக்க, மற்றவர் தள்ள, கதவு ஒரே திசையில்தான் போகிறது. "உன் பக்கம் வருதா, உன்னை விட்டுப் போகுதா?" என்று கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளையும் சரியாகச் சொல்லிவிடும். 'விசை' என்ற சொல்லை மூன்றாம் நாள் சொன்னால் போதும்.

எனக்குப் பிடித்தது கயிற்று விளையாட்டு. பொம்மைக் காரில் கயிற்றைக் கட்டிக் கொடுத்து, "இழு" என்பேன். கார் வரும். "சரி, அதே கயிற்றால் தள்ளிக் கொண்டு போ" என்றதும் கூத்துதான். கயிறு சுருண்டு மடியும், கார் அசையாது. ஒரு பையன் கயிற்றை முறுக்கி விறைப்பாக்கிப் பார்த்தான், நாக்கைத் துருத்திக்கொண்டு. கடைசியில், "இதுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும் டீச்சர்" என்றான். பிறகு ஒரு குச்சியைக் கட்டிக் கொடுத்தேன், இரண்டும் முடிந்தது. இதற்கு ஒரு பீரியட் முழுசாகப் போனாலும் பரவாயில்லை. ஒன்று மட்டும்: செய்யும் முன்னால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரையும் சொல்ல வையுங்கள். ஊகம் சொல்லாத பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும்.

பெரிய சிக்கல் சுவரில் வந்தது. எல்லோரும் சுவரைத் தள்ளினார்கள். "விசை இருக்கா?" "இல்லை, சுவர் நகரலையே." நகர்ந்தால்தான் விசை என்று பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். வாயால் மறுத்துப் பயனில்லை. சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, காலைத் தூக்கிக்கொண்டு கையால் சுவரைத் தள்ளச் சொன்னேன் (நாற்காலியை நான் பிடித்துக்கொண்டுதான்). நாற்காலி பின்னால் உருண்டது. "சுவர் என்னைத் தள்ளுது!" நாம் ஒன்றைத் தள்ளினால் அதுவும் நம்மை அதே அளவு திருப்பித் தள்ளும் என்று நியூட்டன் 1687-இல் எழுதிய மூன்றாம் விதிதான் அது. அந்த வயதில் விதியின் பெயர் தேவையில்லை.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் ஓடும், விட்டால் 'களைத்துப்போய்' நின்றுவிடும். அரிஸ்டாட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார், அதனால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஒரே காரை ஒரே சாய்பலகையிலிருந்து ஒருமுறை வழவழப்பான தரையிலும் ஒருமுறை துண்டு விரித்த தரையிலும் உருள விடுங்கள். தூரத்தை அவர்களே காலடியால் அளக்கட்டும். கார் களைக்கவில்லை, துண்டுதான் பிடித்து நிறுத்துகிறது என்பது தானாக வரும்.

காந்தம் தனி நாள். தொடாமலே இழுக்கும், முனையைத் திருப்பினால் தொடாமலே தள்ளும். அதிகம் விளக்க வேண்டாம், விளையாட விடுங்கள். பொடிக் காந்தங்கள் மட்டும் கூடவே கூடாது, விழுங்கினால் பெரிய ஆபத்து.

போன தடவை பாடம் முடிந்த பிறகு ஒரு சிறுமி ஸ்ட்ராவைக் காட்டி, "உறிஞ்சுறது இழுக்கிறதுதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். உறிஞ்சும்போது வாய்க்குள் அழுத்தம் குறைகிறது, கோப்பையில் சாற்றின் மேல் அழுத்தும் வெளிக்காற்றுதான் அதை ஸ்ட்ரா வழியே மேலே தள்ளுகிறது. அதைச் சொன்னதும் என்னை நம்பாமல் பார்த்துவிட்டு, மறுபடி ஒரு மடக்கு உறிஞ்சிப் பார்த்தாள்.