மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்கும் வேலை

சென்ற ஆவணி விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, இரணைமடு வாய்க்காலோரம் இருக்கும் மாமாவின் வீட்டு விறாந்தையில் என்னிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி சம்பளத்தைப் பற்றியதன்று. "சனி ஞாயிறிலயும் வேலையோ தம்பி?" என்று மாமா கேட்டார். சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயக் கோபுரத்தில் ஏறி மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பதாகச் சொன்னேன். தேநீர் கொண்டுவந்த மாமி தட்டைக் கையில் பிடித்தபடியே நின்று, "அப்ப வேதத்துக்கு மாறிட்டியோ?" என்று கேட்டார். மாறவில்லை என்று அவரை நம்பவைக்கச் சிறிது நேரம் எடுத்தது. மாமாவுக்கோ மதம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. மணிக்கூடு பாரத்தில் ஓடுவதா வில்லில் ஓடுவதா என்பதைத்தான் அவர் உடனே அறிய விரும்பினார்.

நான் இங்கிலாந்துக்கு வந்தது 2011 இல். முதல் சில ஆண்டுகள் கிழக்கு லண்டனில் ஈஸ்ற்ஹாம் பகுதியில் இருந்தேன். அங்கே முருங்கைக்காயும் தமிழ்ப் பத்திரிகையும் ஒரே கடையில் கிடைத்தன. பிறகு வேலை காரணமாகச் சமர்செற்றில் ஒரு சிறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தோம். மாலை ஐந்தரைக்குக் கடைகள் பூட்டிவிட்டால் வீதியில் ஆளே இருக்காது. அயலவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் வணக்கம் சொல்லி, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பேருந்துக்காக நான் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே கல்லாலான பழைய தேவாலயம் ஒன்று இருந்தது. அதன் கோபுரத்து மணிக்கூடு எந்நாளும் ஐந்துக்கு இருபது நிமிடம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருத்துவதற்குத் தொண்டர்கள் தேவை, அனுபவம் அவசியமில்லை, ஏணிக்குப் பயப்படாதவராக இருந்தால் போதும் என்று வாசல் பலகையில் ஒருநாள் அறிவித்தல் ஒட்டியிருந்தது. அதை வாசித்தபோது என் மூக்கில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது என்றால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அடித்தது உண்மை.

அதற்குக் காரணம் மாமா. தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள் பற்றரி கொண்டுவர அரசாங்கத்தின் தடை இருந்தது. மின்சாரமும் இல்லை. சுவரில் தொங்கிய மணிக்கூடுகள் ஒரு பென்ரோச் பற்றரி இல்லாமல் ஒவ்வொன்றாக நின்றுபோயின. தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தவர்கள் நாங்கள். வானொலிச் செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றியவர்கள். அந்த நாட்களில் பரணில் கிடந்த, சாவி கொடுக்கும் பழைய அலாரம் மணிக்கூடுகளுக்கு மறுபடியும் மதிப்பு வந்தது. மாமா அதுவரை சைக்கிளும் தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் திருத்திக்கொண்டிருந்தவர். அவற்றோடு இந்த மணிக்கூடுகளும் அவருடைய மேசைக்கு வந்துசேர்ந்தன. கோழிச் செட்டையை மண்ணெண்ணெயில் தோய்த்து, பல்லுச் சில்லுகளுக்கு இடையில் மெல்ல விட்டுத் துடைப்பார். அழுக்கு கறுப்பாகச் செட்டையின் நுனியில் திரளும். விளக்குப் பிடிப்பது என் வேலை. இரவில் பிடித்தால் மண்ணெண்ணெய் வீணாகும் என்பதால் பெரும்பாலும் பகலில், கண்ணாடித் துண்டொன்றால் வெயிலைத் திருப்பி மணிக்கூட்டின் வயிற்றுக்குள் அடிப்பேன்.

நேரத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே பிறந்த பிள்ளைகள் இதைக் கதை என்று நினைக்கிறார்கள். 1996 மே மாதத்தில் இலங்கை அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, அதே ஆண்டு ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ பழைய நேரத்திலேயே இருந்தன. 2006 சித்திரையில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை இந்த வேறுபாடு நீடித்தது. எனவே 2002 இல் ஏ9 வீதி திறந்த பின்னர் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்து வவுனியாவுக்குப் போகிறவர்கள் கைமணிக்கூட்டை அரை மணித்தியாலம் கூட்டி வைத்தார்கள்; திரும்பும்போது குறைத்தார்கள். கலியாணப் பத்திரிகை அனுப்பினால் முகூர்த்தம் பழைய நேரமா புது நேரமா என்று கேட்க வேண்டியிருந்தது.

கோபுரத்துக்கு முதன்முதலாக ஏறிய நாளில் எங்களை வரவேற்றவை புறாக்கள். சாளரத்தின் வலை கிழிந்திருந்ததால் அவை பல ஆண்டுகளாக அங்கே குடியிருந்தன. முதல் இரண்டு சனிக்கிழமைகளும் முகமூடி அணிந்துகொண்டு அவற்றின் எச்சத்தைச் சாக்குகளில் அள்ளி இறக்கியதோடு முடிந்தன. அதன் பிறகே இயந்திரம் கண்ணுக்குத் தெரிந்தது. கட்டில் போன்ற வார்ப்பிரும்புச் சட்டத்தின் மேல் இரண்டு சில்லுத் தொகுதிகள் இருந்தன: ஒன்று முள்ளுகளை ஓட்டுவது, மற்றது மணி அடிப்பது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உருளை, உருளையில் சுற்றிய உருக்குக் கம்பிவடம், வடத்தின் நுனியில் கோபுரத்தின் மூலைவழியே தொங்கும் இரும்புப் பாரம். பாரம் இறங்க முயல்கிறது. நங்கூர வடிவிலான ஓர் உறுப்பு கடைசிச் சில்லின் பல்லைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. அந்த நங்கூரத்தின் தாளத்தை ஊசல் தீர்மானிக்கிறது. பாரத்துக்குப் பதிலாக வில்லும் ஊசலுக்குப் பதிலாக ஆடும் சில்லும் இருந்தாலும், மாமாவின் அலாரம் மணிக்கூட்டில் நான் பார்த்ததும் இதே தத்துவம்தான்; அது இங்கே ஆளுயரத்துக்கு விரிந்து கிடந்தது.

எங்களுக்குத் தலைமை தாங்கியவர் எழுபது கடந்த, ஓய்வுபெற்ற கடைசல் பட்டறைக்காரர். கழற்றும் ஒவ்வொரு ஆணியையும் படமெடுத்து, இலக்கமிட்டு, பையில் போட்டுக் கட்ட வேண்டும் என்பது அவருடைய கட்டளை. அதற்கும் முன்னதாக, இங்கிலாந்துத் திருச்சபையின் தேவாலயங்களில் இத்தகைய வேலையைத் தொடங்குவதற்கு மறைமாவட்டத்தின் முறையான அனுமதி வேண்டும். அதை 'ஃபகல்ற்றி' என்கிறார்கள். அது கிடைக்கும்வரை நாங்கள் துடைப்பதும் படமெடுப்பதுமாக இருந்தோம். எனக்கு அந்த மாதங்களில் கோபம் வந்ததை மறைக்க மாட்டேன். இந்த நகரத்தில் எல்லோருடைய சட்டைப்பையிலும் தொலைபேசி இருக்கிறது. யாருக்கும் இந்த மணிக்கூடு தேவையில்லை. தேவையில்லாத ஒன்றுக்கு இவ்வளவு கடிதங்களும் கூட்டங்களும் உண்டியல் குலுக்கலும் எதற்கு என்று தோன்றியது. பெற்றோல் இல்லாத வன்னியில் மோட்டார்சைக்கிளை இரண்டு சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அந்த ஊர்ப் பழக்கம் ஒருமுறை என்னைக் காட்டிக்கொடுத்தது. அச்சின் முனை சுழலும் பித்தளைத் துளை ஒன்று நீள்வட்டமாகத் தேய்ந்து, சில்லு ஆடிக்கொண்டிருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் குளிர்பானத் தகரத்தில் ஒரு கீற்று வெட்டி, வளைத்து, துளைக்குள் செருகினேன். ஆட்டம் நின்றது. மறுவாரம் முதியவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி அதை நெடுநேரம் பார்த்தார். "எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்டார். "அடுத்த போகம் வரைக்கும்," என்று என் வாயில் வந்துவிட்டது, அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் ஆறு மாதம் என்றேன். அவர் சிரித்தார். இந்த மணிக்கூட்டைச் செய்தவன் அடுத்த நூறு ஆண்டுகளை நினைத்துச் செய்திருக்கிறான், நாமும் அப்படியே செய்ய வேண்டும் என்றார். துளையைச் சரியான மையத்தில் சிறிது பெரிதாக்கி, அதற்குள் பொருந்தும் புதிய பித்தளை வளையம் ஒன்றை, 'புஷ்' என்பதை, கடைந்து இறுக்கினோம். என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்பது அளவுகளோடு பதிவேட்டில் எழுதப்பட்டது. என் தகரக் கீற்றும் பையிலிடப்பட்டு, இலக்கம் பெற்று, அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது.

முகப்பை இறக்கித் தீட்டி எழுத்துகளுக்குத் தங்கத்தாள் ஒட்டியது தொழில் வல்லுநர்களின் வேலை. நாங்கள் கீழே நின்று பார்த்தோம். ஓட விட்ட முதல் கிழமையில் மூன்று மணிக்கு மணி இரண்டு முறை அடித்தது. இந்த வகை மணிக்கூட்டில் எத்தனை அடி என்பதைத் தீர்மானிப்பது வெட்டுகளுள்ள ஒரு வட்டத் தகடு. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டினால் வரும் 78 அடிகளையும் அது வரிசையாகவே எண்ணும். முள்ளு எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. நாங்கள் நேரத்தைச் சரிசெய்த அவசரத்தில், அடித்து முடிய விடாமல் முள்ளைத் தள்ளிவிட்டோம். தடுப்பைக் கையால் தூக்கி ஒருமுறை கூடுதலாக அடிக்க விட்டபோதுதான் இரண்டும் ஒத்துப்போயின. அதற்குள் இறைச்சிக்கடைக்காரரும் நூலகத்துப் பெண்மணியும், அதுவரை பெயர்கூடக் கேட்டிராத வேறு பலரும், மணி பிழையாக அடிக்கிறதே என்று என்னை மறித்துக் கேட்டுவிட்டார்கள். மழையைத் தவிர வேறொன்றைப் பற்றி அவர்கள் என்னோடு கதைத்தது அப்போதுதான்.

இப்போது இருவர் இருவராக முறைவைத்துச் சாவி கொடுக்கிறோம். தனியாக ஏறக்கூடாது. சாவி என்பது லான்ட் மாஸ்ரர் உழவு இயந்திரத்தைக் கிளப்பும் கைபிடியின் பெரியப்பா என்று சொல்லலாம். முள்ளு ஓட்டும் பாரத்தை ஏற்றி முடிக்கும்போது முதுகு வியர்த்துவிடும், மணி அடிக்கும் பாரம் அதைவிடக் கனமானது. பிறகு தொலைபேசியோடு ஒப்பிட்டு எத்தனை விநாடி முந்தியிருக்கிறது, பிந்தியிருக்கிறது என்று பதிவேட்டில் எழுதுவோம். எங்கள் ஊசல் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளம். அதில் ஒரு மில்லிமீற்றர் கூடினால் நாளொன்றுக்கு அரை நிமிடமளவு பிந்தும். மிகச் சிறிய திருத்தத்துக்கு ஊசலின் மேல் ஒரு நாணயத்தை வைத்தாலே போதும். லண்டனின் பிக் பென்னுக்கும் பழைய பென்னி நாணயங்களை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். ஒரு நாணயம் நாளுக்கு 0.4 விநாடி முந்த வைக்கும்.

ஒக்ரோபர் கடைசி ஞாயிறில் நேரம் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும்போது முள்ளைப் பின்னால் திருப்ப முடியாது. ஊசலைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு, ஒரு மணித்தியாலம் காத்திருந்து மறுபடி ஆட்டிவிட வேண்டும். போன முறை அந்த இடைவெளியில் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஏன் இந்த நேரத்தில் என்று கேட்டார். இங்கே நேரம் மாறுகிறது என்றேன். "அங்கயும் பழைய நேரம் புது நேரமோ?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தார்.

விறாந்தையில் அவருக்குத் தொலைபேசியில் ஓர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். ஊசலின் ஓசை ஒரு நிமிடம் கேட்கும், பிறகு பதினொரு மணி அடிக்கும். 2009 இல் இடம்பெயர்ந்த வழியில் கருவிப்பெட்டியை இழந்த பிறகு மாமா மணிக்கூடு எதையும் திறந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கதிரையின் கைப்பிடியில் விரலால் தட்டிப் பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார்.

"இது நொண்டுது தம்பி. ஒரு அடி கிட்ட, ஒரு அடி தூர."

தொலைபேசிப் பதிவு அப்படித்தான் கேட்கும் என்று நான் வாதாடினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிரவு முதியவருக்குச் செய்தி அனுப்பினேன். சனிக்கிழமை அவரிடமிருந்து பதில் வந்தது: நங்கூரத்தையும் ஊசலையும் இணைக்கும் கவட்டுக் கையின் திருகாணி தளர்ந்திருந்ததாகவும், கால் சுற்றுத் திருப்பியதும் இரண்டு அடிகளும் சமமாகிவிட்டதாகவும், நோய் கண்டறியப்பட்ட இடம் இலங்கை என்று பதிவேட்டில் எழுதியிருப்பதாகவும் சொல்லி, புதிய ஒலிப்பதிவையும் இணைத்திருந்தார். மாமா அதையும் கண்ணை மூடிக் கேட்டார். பதினொரு அடிகளும் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, சுத்தியல் அடித்த பிறகு மணியிலேயே சாய்ந்து நிற்கிறதா, விலகி நிற்கிறதா என்று பார்க்கச் சொல் என்றார்.