பத்துல ஒரு தடவை மட்டும் ஃபெயிலாகுற டெஸ்ட்

போன வாரம் முழுக்க ஒரே ஒரு டெஸ்ட்டோட மல்லுக்கட்டினேன். நாங்க எழுதுறது ஒரு கமாண்ட்-லைன் டீபக்கர், அதாவது மத்தவங்க கோடுல பக் கண்டுபிடிச்சுக் குடுக்கிற டூல், அதோட டெஸ்ட்லயே பக்குன்னா நாங்க யார்கிட்ட போய் நிக்கறது.

டெஸ்ட் பாக்க ரொம்ப சாது. பிரேக்பாயிண்ட் (ப்ரோக்ராம் நிக்க வேண்டிய இடம்) வைக்கும், ரன் குடுக்கும், ப்ராம்ப்ட் (அடுத்த கமாண்ட் குடுன்னு டூல் காட்டுற குறி) வந்ததும் ஒரு வேரியபிளை பிரிண்ட் பண்ணச் சொல்லும், 42ன்னு வந்தா பாஸ். என் லேப்டாப்ல 500 தடவை லூப்ல ஓட்டினேன், ஐநூறும் பாஸ். சிஐல, அதாவது கோடு மாத்தும்போதெல்லாம் டெஸ்ட்டை தானா ஓட்டுற மெஷின்ல மட்டும், பத்துக்கு ஒண்ணு புட்டுக்கும். டீம்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே வைத்தியம் ரீரன் பட்டன்தான், அதுவும் கேக்கலன்னா "சிஐ மெஷின் ஸ்லோப்பா"ன்னு சொல்லிட்டு டைம்அவுட்டை, அதாவது டெஸ்ட் பதிலுக்கு காத்திருக்கிற நேரத்தை, ஏத்தி விட்டுடுவோம். ஹிஸ்டரிய தோண்டினா 5 செகண்ட், அப்புறம் 10, அப்புறம் 30. அந்த 30 யார் போட்டதுன்னு ஆவேசமா பாத்தேன், நான்தான். அந்த மாத்தத்தோட நான் எழுதி வெச்ச குறிப்பு (கமிட் மெசேஜ்): "இனிமே சரியாயிடும்".

சரின்னு அன்னைக்குத்தான் லாகை முதல் தடவையா ஒழுங்கா படிச்சேன். ஃபெயிலான டெஸ்ட் ஓடின நேரம் 0.3 செகண்ட். முப்பது செகண்ட் டைம்அவுட்டை அது எட்டிக்கூட பாக்கல, இத்தனை மாசமா நாங்க தலைவலிக்கு கால்ல கட்டு போட்டுட்டு இருந்திருக்கோம்.

என்ன வருதுன்னு பாக்க நடுவுல ஒரு பிரிண்ட் லைன் போட்டேன், உடனே எல்லாம் பாஸ். எடுத்தா திரும்ப ஃபெயில். டாக்டர் ரூமுக்குள்ள போனதும் காய்ச்சல் விட்டுடுற குழந்தை மாதிரியே.

அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, ஜிடிபின்னு இன்னொரு டீபக்கரோட டெஸ்ட்ல செக்-ரீட்1ன்னு ஒரு வழி உண்டு, டெர்மினல்ல இருந்து ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் ஒரே ஒரு பைட்தான் (சுமாரா ஒரு எழுத்து) குடுக்கும், டைமிங் தயவுல பாஸாகிட்டு இருக்கிற டெஸ்ட் எல்லாம் அதுல மாட்டிக்கும். அதே ஐடியாவை எங்க டெஸ்ட்ல வெச்சேன். அவ்வளவுதான், என் லேப்டாப்லயே பத்துக்குப் பத்தும் ஃபெயில்! ஃபெயிலானதுக்கு எழுந்து நின்னு கை தட்டின ஆள் நானாத்தான் இருப்பேன்.

விஷயம் இதுதான். ரன் குடுத்ததும் எங்க டூல் உடனே ஒரு ப்ராம்ப்ட் காட்டும், ப்ரோக்ராம் பிரேக்பாயிண்ட்ல நின்னதும் அந்த மெசேஜோட இன்னொரு ப்ராம்ப்ட் காட்டும். லேப்டாப்ல ரெண்டும் ஒரே கொத்தா வந்துடும், டெஸ்ட்டும் ஒரே மடக்குல முழுங்கிடும். சிஐல சில சமயம், ஒரு பைட் மோடுல எப்பவுமே, முதல் ப்ராம்ப்ட் மட்டும் தனியா வந்து சேரும், டெஸ்ட் அதைப் பாத்து ஏமாந்து அடுத்த கமாண்டை அனுப்பிடும், அப்புறம் பின்னாடி வர்ற ரெண்டாவது ப்ராம்ப்ட்டை அதுக்கான பதில்னு நெனச்சு 42 எங்கன்னு கத்தும். நான் போட்ட பிரிண்ட் லைன் டெஸ்ட்டை கொஞ்சம் தாமதமாக்கி, ரெண்டும் சேர்ந்து வர டைம் குடுத்திருக்கு, அவ்வளவுதான்.

ஃபிக்ஸ் ரெண்டே லைன். முதல்ல பிரேக்பாயிண்ட் மெசேஜ் வரணும், அதுக்கப்புறம் வர்ற ப்ராம்ப்ட்டைத்தான் நம்பணும்.

அத்தோட விட்டிருக்கலாம். ஆர்வக்கோளாறுல அந்த ஒரு பைட் மோடை எல்லா டெஸ்ட்டுக்கும் போட்டு ஓட்டினேன், இத்தனை நாள் பச்சையா இருந்த 17 டெஸ்ட் சிவப்பாயிடுச்சு. டீம்ல சீனியர் அண்ணன் ஸ்க்ரீனை ஒரு நிமிஷம் பாத்தாரு. "தம்பி, காலைல ஒண்ணுதானேடா உடைஞ்சிருந்துச்சு?"