நேட்டோ வேண்டாம் என்றவரே நேட்டோவுக்கு ஓட்டுக் கேட்ட கதை

ஆட்சி மாறினால் ராணுவக் கூட்டணியும் மாறிவிடும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் ஸ்பெயினைக் காட்டுவேன். மாட்ரிட்டை ஒட்டிய டொரெஹோனில் குடியிருக்கிறேன், அதனால் கதை பக்கத்திலேயே கிடைக்கிறது.

1982 மே மாதம் பிரதமர் கால்வோ சொதேலோவின் அரசு நாட்டை மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோவில் சேர்த்தது. அப்போது எதிர்க்கட்சியில் இருந்த சோஷலிஸ்ட் ஃபெலிப்பே கொன்சாலெஸ், "வெளியேறுவதா என்று மக்களிடமே கேட்போம்" என்று வாக்குக் கொடுத்தார். அதே அக்டோபரில் 350-இல் 202 இடம் பிடித்து ஆட்சிக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கணக்கு வேறாகிவிட்டது. ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சேரத் துடிக்கும் நாடு, அதே மேற்கு ஐரோப்பாவின் பாதுகாப்புக் கூட்டை எப்படி உதறும்? போதாததற்கு, 1981-இல் ராணுவப் புரட்சிக்கு முயன்ற அதிகாரிகளை நாடு அப்போது மறந்திருக்கவில்லை. படையினருக்கு நாட்டுக்கு வெளியே ஒரு வேலை இருப்பது நல்லது என்று நினைத்தவர்கள் பலர்.

1986 மார்ச் 12 அன்று பொதுவாக்கெடுப்பு. கொன்சாலெஸ் "இருப்போம்" என்று ஊர் ஊராகப் பேசினார். அதைவிட வேடிக்கை, நேட்டோவை ஆதரித்த வலதுசாரி எதிர்க்கட்சித் தலைவர் ஃப்ராகா, கொன்சாலெஸை மடக்குவதற்காகவே வாக்களிக்க வேண்டாம் என்றார்! அந்தர் பல்டியில் எந்த ஊரும் சளைத்ததில்லை.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மா, இங்கிருந்த அமெரிக்க விமானத் தளத்தை எதிர்த்து மாட்ரிட்டிலிருந்து நடந்தே வந்த ஊர்வலங்களில் போனவர். ஆனாலும் "இருப்போம்" என்றுதான் ஓட்டுப் போட்டாராம். "தோற்றால் ஃபெலிப்பே போயிடுவார், அப்புறம் ஃப்ராகா வந்துடுவார்னு பயம்" என்கிறார். சரி, அது நேட்டோவுக்கு விழுந்த ஓட்டா என்ன?

"இருப்போம்" பக்கம்தான் வென்றது. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் வைத்திருந்தார்கள்: கூட்டு ராணுவக் கட்டமைப்பில் சேரமாட்டோம், அணு ஆயுதம் உள்ளே வராது, அமெரிக்கப் படை குறையும். மூன்றாவது ஓரளவு நடந்தது. டொரெஹோனில் இருந்த அமெரிக்க எஃப்-16 போர் விமானங்கள் 1992-க்குள் கிளம்பிவிட்டன. முதலாவதை 1999-இல் வலதுசாரிப் பிரதமர் அஸ்னாரின் அரசு கைவிட்டது. நேட்டோவை எதிர்த்துப் பேசிவந்த சோஷலிஸ்ட் ஹாவியேர் சொலானா அதற்குள் அதன் பொதுச்செயலாளராகவே ஆகியிருந்தார்.

இன்று தென் ஐரோப்பிய வான்வெளியைக் கண்காணிக்கும் நேட்டோ மையம் எங்கள் டொரெஹோனில்தான் இருக்கிறது. வீட்டுக்காரம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்டால், "விமானச் சத்தமாவது குறைந்ததே" என்கிறார்.