திருகோணமலையின் லெட்ஜர்கள் எங்கே போகின்றன?

எங்கள் ஊர் வரலாற்றை எழுதுபவர்கள் கோணேசர் கோயிலில் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் துறைமுகத்தில். உழைத்த காலம் முழுவதும் வங்கியில் இருந்தவன் என்பதால் எனக்கு லெட்ஜர்தான், அதாவது வங்கியின் கணக்குப் பேரேடுதான், முதலில் நினைவுக்கு வரும்.

1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. அந்தத் திகதி எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. ஆனால் டொக்யார்ட்டில், அந்தக் கடற்படைக் கப்பல் பட்டறையில், கூலிக்குப் போனவர்களின் வீடுகளில் அதற்குப் பிறகு என்ன நடந்தது? யார் சேமிப்பை வழித்தெடுத்தார்கள்? யார் நகையை அடகு வைத்தார்கள்? பெரியகடைத் தெருவில் எந்த முதலாளியின் ஓ.டி. (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடன்) ஏறியது? இதையெல்லாம் அந்தக் கால வங்கிப் பதிவுகளிடம் கேட்கலாம். கையொப்ப அட்டைகளை எடுத்தாலும் அப்படித்தான். யார் தமிழில் கையெழுத்திட்டார், யார் பெருவிரல் வைத்தார் என்று பார்த்தால் ஊரின் கல்வி தெரிந்துவிடும். எங்கள் பழைய சிறாப்பர் (காசாளர்) அண்ணை முகத்தைப் பார்க்காமலே, விரல் அடையாளத்தை வைத்துக் கிண்ணியா மீனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

எனக்குத் தெரிந்த ஒரு கிளையைத் திருத்திக் கட்டியபோது, ஸ்ட்ராங் ரூமுக்குப் பக்கத்து அறையிலிருந்த பழைய புத்தகங்களை லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இடமில்லையாம். தோல் கட்டுப் போட்ட பேரேடுகளோடு கடிதப் பிரதிப் புத்தகங்களும் போயின. தட்டச்சுப் பிரதி பரவலாவதற்கு முன், எழுதிய கடிதத்தை ஈரமான மெல்லிய தாளோடு சேர்த்து அழுத்திப் படியெடுப்பார்கள். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறிப் பதியும். தாள் மெல்லியது என்பதால் மறுபக்கத்திலிருந்து வாசிக்கலாம். முகாமையாளர் ஒருவருக்கு ஏன் கடன் கொடுத்தார், இன்னொருவருக்கு ஏன் மறுத்தார் என்பதற்கான காரணம் லெட்ஜரில் வராது, இந்தக் கடிதங்களில்தான் வரும். அவை போனதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

வங்கிக் காகிதம் வங்கிக்கு மட்டும் சொந்தம் என்று சொல்பவர்கள் 1884ஐ நினைக்க வேண்டும். இலை நோய் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த பின், அவற்றுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி அந்த ஆண்டு விழுந்தது. அந்த வங்கி வெளியிட்ட பண நோட்டுகளைக் கையில் வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றபோது ஆளுநர் கோர்டன் அரசாங்கத்தின் பெயரில் உத்தரவாதம் கொடுத்தார். அடுத்த ஆண்டே அரசாங்கம் தானே நோட்டு வெளியிடத் தொடங்கியது. பிறகு 1934இல் சேர் சொராப்ஜி போச்கனவாலா தலைமையிலான வங்கிக் குழு, உள்ளூர் ஆட்களுக்குக் கடன் கிடைக்காத நிலையை எடுத்துச் சொன்னது. 1939இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. ஒரு வங்கியின் உள்விவகாரம் ஒரு நாட்டின் விவகாரமாக மாறிய கதைகள் இவை.

பழைய வங்கிக் காகிதங்களைப் பேணும் வேலையை மற்ற இடங்களில் செய்கிறார்கள். இந்திய ரிசர்வ் வங்கி 1981இலேயே காப்பகம் அமைத்தது. அது புனேயில் இருக்கிறது. 1853இல் பம்பாயில் தொடங்கிக் கொழும்பிலும் இயங்கிய மேர்க்கன்டைல் வங்கியின் ஆவணங்களை, 1959இல் அதை வாங்கிய ஹொங்கொங் ஷங்காய் வங்கி தன் காப்பகத்தில் பேணுகிறது.

வாடிக்கையாளர் இரகசியம் என்னாவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 1988ஆம் ஆண்டு வங்கித்தொழில் சட்டம் இரகசியம் காக்கச் சொல்கிறது, நாங்களும் அதற்கு உறுதியுரை கொடுத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். ஆனால் இரகசியம் காப்பதற்கு எரிக்கத் தேவையில்லை. 75 ஆண்டுகள் பூட்டி வைத்துவிட்டு, அதன் பின் ஆய்வாளர்களுக்குத் திறக்கலாம். அதற்கு ஏற்ற விதியை மேலிடம் எழுத வேண்டும். எழுதும்வரை அழிக்காமல் இருந்தாலே போதும்.

வைத்திருப்பதும் சும்மா காரியமில்லை. இங்கே கடற்காற்றில் உப்பு, மார்கழி மழையில் ஈரம், நிலத்தில் கறையான். 1964 டிசம்பர் புயலையும் 2004 சுனாமியையும் கண்ட ஊர் இது. அதனால் தரைமட்ட அறை சரிவராது. காற்றோட்டமுள்ள மேல்மாடி வேண்டும், அலமாரி சுவரை ஒட்டாமல் நிற்க வேண்டும். இருந்த வரிசையையும் கலைக்கக் கூடாது. எந்தப் புத்தகத்துக்குப் பின் எது இருந்தது என்பதை வைத்துத்தான் அலுவலகம் எப்படி நடந்தது என்று பின்னால் வருபவர் கண்டுபிடிப்பார்.

உங்கள் வீட்டில் தாத்தாவின் பாஸ் புத்தகமோ பழைய அடகுச் சீட்டோ இருந்தால், தயவுசெய்து லமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். பசை காகிதத்தைத் தின்றுவிடும். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, மூலத்தைக் காய்ந்த பெட்டியில் உயரத்தில் வையுங்கள். யாருடையது, எந்தக் கிளை என்பதை ஒரு தனித்தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வைத்தால் இன்னும் நல்லது.