ஒரு கால்நடை மருத்துவர் இணையத்தில் என்ன படிக்கிறார்

நிமெசுலைடு என்ற வலி நிவாரணியைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை விதித்து மத்திய அரசு 2024 டிசம்பர் இறுதியில் அறிவிக்கை வெளியிட்டபோது, எங்கள் வட்டாரத்து மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அது வந்து சேர்ந்த வடிவம், "நிமெசுலைடு தடை, உடனே பகிரவும்" என்பதுதான். மனிதர்களுக்கா மாடுகளுக்கா, எந்தச் சட்டப் பிரிவின்கீழ், எந்த நாளிலிருந்து என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. இதே மருந்து 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 2011-இல் தடை செய்யப்பட்டிருந்ததால், மருந்துக்கடைக்காரர்கள் சிலர் இது அந்தப் பழைய செய்திதான் என்று நினைத்துக்கொண்டார்கள். அரசிதழில் வெளியான மூல அறிவிக்கையைத் திறந்து, முதலில் வரும் இந்திப் பகுதியைத் தாண்டி ஆங்கிலப் பகுதிக்குப் போனால், எல்லாக் குழப்பத்துக்கும் அங்கே ஒரே வாக்கியத்தில் விடை இருக்கிறது: மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26ஏ பிரிவின்கீழ், விலங்குகளின் பயன்பாட்டுக்கான எல்லா நிமெசுலைடு தயாரிப்புகளின் உற்பத்தியும் விற்பனையும் விநியோகமும் தடை செய்யப்படுகின்றன. இதைப் படிக்க இரண்டு நிமிடம் போதும்; ஆனால் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடுபவர்கள் நம் தொழிலில் குறைவு.

சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் வேலை பார்ப்பவனுக்கு இப்படி வலி நிவாரணிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வரும் தடைகள் வெறும் சட்டச் செய்தி அல்ல. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கூடு கட்டுகின்றன. எங்கள் ஊசி ஏறிய மாடு காட்டோரத்தில் இறந்து கிடந்தால் அதைத் தின்ன வருபவை அவையே. பாகிஸ்தானில் நடந்த ஆய்வொன்று 2004-இல் நேச்சர் இதழில் வெளிவந்து, டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணி ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற வெண்முதுகுப் பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து இறக்கின்றன என்று காட்டியது. 1990-களில் தொடங்கிய அந்தச் சரிவில், இந்தியாவில் அவ்வினம் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துபோயிற்று. 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. ஆனால் மனிதர்களுக்கென்று விற்கப்பட்ட பெரிய குப்பிகள் மாட்டுக்கொட்டகைகளுக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருந்ததால், 2015-இல் மனிதர்களுக்கான ஊசிமருந்தை ஒரு வேளைக்கு உரிய சிறு குப்பியில் மட்டுமே அடைக்க வேண்டும் என்ற இன்னோர் ஆணை தேவைப்பட்டது. மருந்து நிறுவனங்கள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2017-இல் தள்ளுபடி செய்தது. கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் 2023 ஜூலையில் தடைக்குள் வந்தன. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது என்பது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆய்விதழ்களில் வந்துவிட்ட செய்தி. ஆணை வரும்வரை காத்திருந்தவர்கள் அத்தனை ஆண்டுகளும் நல்லெண்ணத்தோடே அதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே அறிவிக்கைகளை மட்டும் படித்தால் போதாது, அவற்றுக்கு முன்னால் வரும் ஆய்வுகளையும் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பாறுகளுக்குப் பாதுகாப்பான வலி நிவாரணிகள் என்று சோதித்து உறுதி செய்யப்பட்டவை மெலாக்சிகமும் டோல்ஃபெனாமிக் அமிலமும். இங்கேதான் இணையத்தின் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஐரோப்பிய மெலாக்சிகம் தயாரிப்பு ஒன்றின் தகவல் தாளைத் திறந்தால், மாட்டுக்கு 100 கிலோ உடல் எடைக்கு 2.5 மில்லி என்று இருக்கும். அந்தக் குப்பியில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் மருந்து உண்டு; ஆகக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்ற கணக்குச் சரியாக வருகிறது. நம் மருந்தகங்களில் பரவலாகக் கிடைக்கும் மெலாக்சிகம் ஊசி மில்லிக்கு 5 மில்லிகிராம்தான். 300 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவுக்கு 150 மில்லிகிராம் வேண்டுமானால் இந்தக் குப்பியிலிருந்து 30 மில்லி எடுத்தாக வேண்டும். மேற்படி தாளைப் பார்த்து 7.5 மில்லி போட்டால் மாட்டுக்குக் கிடைப்பது தேவையில் கால் பங்கு. வலி குறையாது, "மெலாக்சிகம் எதற்கும் உதவாது" என்ற பேச்சு மட்டும் பரவும். 30 மில்லி என்றதும் மாட்டுக்காரர் முகம் சுளிக்கிறார், ஒரே இடத்தில் போட முடியாமல் பிரித்துப் போட வேண்டியிருக்கிறது, செலவும் கூடுகிறது. டைக்ளோஃபெனாக்கைக் கைவிட மனம் வராததற்கு அறியாமை மட்டும் காரணம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்தத் தளத்தில் பார்த்தாலும் மில்லி கணக்கை விட்டுவிட்டு, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, கையிலுள்ள குப்பியின் லேபிளைப் பார்த்துக் கணக்கிடுவதே சரி.

மெர்க் கால்நடை மருத்துவக் கையேடு 1955 முதல் அச்சில் வந்து, இன்று முழுவதும் இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே எம்.எஸ்.டி. என்ற பெயரில் திறக்கும். நோயைப் புரிந்துகொள்ள அதைவிட எளிதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அது அமெரிக்கச் சட்டத்தையும் அமெரிக்க மாட்டையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே மாட்டுக்கு உரிமம் பெற்ற வலி நிவாரணி ஃப்ளூனிக்சின். மெலாக்சிகத்துக்கு அங்கே மாட்டுக்கான உரிமம் இல்லை. அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு ஃப்ளூனிக்சினே முதல் தேர்வு என்று முடிவு செய்பவர், ஸ்பெயினில் ஒரு பாறுக் கழுகின் சாவுக்கு அதே மருந்து காரணமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருப்பதை அங்கே பார்க்க மாட்டார். அமெரிக்கப் பண்ணை மருத்துவருக்கு அது அன்றாடக் கேள்வி அல்ல. மாயாற்றங்கரையில் இருப்பவருக்கு அதுவே கேள்வி.

எருமைக்கும் நம் நாட்டு வெள்ளாட்டுக்கும் அந்தக் கையேடு ஒதுக்கும் இடம் சொற்பம். அதற்கு நான் போவது கிரிஷிகோஷ். வேளாண், கால்நடைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் அந்தக் களஞ்சியத்தில், நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளும் இருக்கின்றன. தேடுபொறி பொறுமையைச் சோதிக்கும், பல கோப்புகள் பழைய தாள்களை நகலெடுத்தவை. ஆயினும் முர்ரா எருமையில் ஒரு மருந்து எத்தனை மணி நேரம் இரத்தத்தில் தங்குகிறது போன்ற கேள்விக்கு விடை இருந்தால் அங்கேதான் இருக்கும். கால்நடை மருத்துவத் தகவல்களைத் தரும் ஐவிஸ் தளத்தில் மாநாட்டு உரைகள் இலவசம். கால்நடை மருத்துவர்களுக்கென்று 1991-இலிருந்து இயங்கும் வின் தளம் கட்டணத்துக்கு உரியது. நாய், பூனை மருத்துவமே முழுநேரத் தொழிலாக இருப்பவருக்கு அந்தக் கட்டணம் தகும், அரசு மருந்தகத்தில் இருப்பவருக்கு அவ்வளவு தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நோய்ச் செய்திகளுக்கு வருவோம். பாரிசில் 1924-இல் தொடங்கப்பட்ட உலக விலங்குநல அமைப்பு நடத்தும் வாகிஸ் தரவுத்தளத்தில், உறுப்பு நாடுகள் அனுப்பும் அறிவிக்கைகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தோல் கழலை நோய் நம் மாடுகளுக்கு வந்த வழியை அதில் பின்னோக்கிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆப்பிரிக்காவுக்குள் இருந்த நோய் மேற்காசியாவைக் கடந்து 2015-இல் கிரேக்கத்துக்கும் 2016-இல் பல்கேரியாவுக்கும் போயிற்று; 2019-இல் வங்கதேசம், சீனா, நம் ஒடிசா என்று ஒரே ஆண்டில் மூன்று நாடுகளில் தலைகாட்டியது. 2022-இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மாடுகள் கொத்துக்கொத்தாக இறந்த பிறகே நம்மில் பலர் அந்நோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். வெள்ளாட்டு அம்மைத் தடுப்பூசியை மாட்டுக்குப் போடுவது ஏன், இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ் என்பதன் பயன் என்ன என்று மாட்டுக்காரர் கேட்டபோது தடுமாறாமல் பதில் சொல்ல, மூன்றாண்டு அவகாசம் நமக்கு இருந்தது.

வாகிஸுக்கு ஒரு குறை உண்டு: அரசு அறிவிக்காத நோய் அதில் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்ப 1994-இலிருந்து புரோமெட் என்ற நோய்ச் செய்தித் தளம் இருக்கிறது. உள்ளூர்ச் செய்தித்தாள் துணுக்கையும் மருத்துவர் எழுதும் கடிதத்தையும் எடுத்து, துறை வல்லுநர் ஒருவரின் குறிப்போடு வெளியிடும். வல்லுநரின் குறிப்புதான் அதில் படிக்க வேண்டியது. "ஆய்வக உறுதிப்பாடு இல்லை" என்று அவர் எழுதியிருந்தால், நானும் அதை அந்த அளவிலேயே வைத்துக்கொள்வேன். நமக்கு மிக அருகில் இருப்பது கால்நடை நோய்ப் பரவலை ஆராயும், பெங்களூரு எலகங்காவிலுள்ள நிவேதி நிறுவனம். பழைய நோய்ப் பதிவுகளையும் வானிலையையும் வைத்து, எந்த மாவட்டத்தில் அடைப்பானோ நீலநாக்கோ ஆட்டுக்கொல்லியோ வர வாய்ப்பு என்று இரண்டு மாதம் முன்கூட்டியே மாதந்தோறும் அறிக்கை தருகிறது. அது முன்கணிப்புதான், சோதிட வாக்கு அல்ல. வடகிழக்குப் பருவமழைக்கு முன் எந்தத் தடுப்பூசியை முதலில் எடுத்துக்கொண்டு போவது என்று முடிவெடுக்க அது போதுமானது.

கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழித் தீவனத்திலும் கொடுக்கக் கூடாது என்ற 2019-ஆம் ஆண்டுத் தடை, மத்தியக் கால்நடைத் துறை 2024-இல் வெளியிட்ட தரநிலைச் சிகிச்சை வழிகாட்டி ஆகியவையும் இணையத்திலேயே கிடைக்கின்றன. வழிகாட்டியை நோயைப் பார்த்த பிறகு திறக்காமல், ஓய்வான ஒரு மாலையில் உட்கார்ந்து, நாம் வழக்கமாக எழுதும் மருந்துச்சீட்டோடு ஒப்பிட்டுப் படிப்பது நல்லது. மடிநோய்ப் பகுதி ஒன்றே அதற்குப் போதுமான வேலை வைக்கும்.

இவ்வளவும் மருத்துவர் படிப்பவை. இரவு பத்து மணிக்கு மாடு எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் மலையோரக் கிராமங்களில் முதலில் வருபவர் மருத்துவர் அல்லர்; ஊசி போடத் தெரிந்த யாரோ ஒருவர், கடையில் கேட்டு வாங்கிய ஒரு குப்பியோடு வருகிறார். அவருக்கு அரசிதழும் தெரியாது, வாகிஸும் தெரியாது. தடைசெய்யப்பட்ட வலி நிவாரணிகள் நான்கின் பெயர்களையும், அவை ஒவ்வொன்றும் கடையில் என்னென்ன வணிகப் பெயர்களில் வருகின்றன என்பதையும், பதிலாக எதை எத்தனை மில்லி போடலாம் என்பதையும் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கடைகளில் ஒட்டும் வேலையைப் பல்கலைக்கழகமோ துறையோ எடுத்துக்கொண்டால் நன்று. அதுவரை என் பகுதிக் கடைகளுக்கு நானே தட்டச்சு செய்து கொடுத்துவருகிறேன். புதிய அறிவிக்கை வரும்போது தாளை மாற்றி, மேலே தேதியைப் பெரிதாகப் போட்டுவிடுகிறேன்.