ஐம்பத்தெட்டா, பெலகோஸா?

மே 4, காரைக்குடி

ஆறு வருடச் சேமிப்பு, வாங்கப்போவது ஒரே ஒரு வாட்ச். டியூடர் பிளாக் பே 58, இல்லையென்றால் அதே டியூடரின் பெலகோஸ் 39. சென்னைக் கடையில் 58-ஐக் கட்டிப் பார்த்த நாளிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. கறுப்பு டயலில் பொன்னிற முள்ளும் எழுத்தும், நம் வீட்டு முகப்புக் கதவின் பழைய பித்தளைக் குமிழ் மாதிரி ஓர் அடங்கின மினுமினுப்பு. டியூடர் 1958-இல் விட்ட, 200 மீட்டர் ஆழம் தாங்கும் அவர்களுடைய முதல் வாட்ச்சை வைத்துத்தான் அந்த எண்.

மே 7

இரண்டும் 39 மி.மீ., 200 மீட்டர், சாவி நிறைந்தால் 70 மணி நேரம் ஓடும். தடிமன்கூட 11.9, 11.8. பிரிவது உலோகத்தில்தான்: 58 எஃகு, பெலகோஸ் டைட்டானியம்.

மே 12

பெரியப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து கொப்புடையம்மன் திருவிழாவுக்கு வந்திருக்கிறார். அண்ணன் கையில் பெலகோஸ் 39! "ரெண்டு நாள் கட்டிக்க தம்பி" என்று கழற்றியே கொடுத்துவிட்டார். அப்பத்தா வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். "என்னப்பு இது, கனமே இல்லை, இதுக்கா இம்புட்டுக் காசு?" நகையை எடை பார்த்தே வாங்கிப் பழகிய கை. அவர் சொன்னது எனக்கும் கொஞ்சம் உறைத்தது.

மே 13

இன்று முழுக்கக் கட்டிக்கொண்டே அலைந்தேன். நம்ம ஊர் மே மாத வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மணிக்கட்டு வீங்கும், காலையில் சரியாக இருந்த செயின் பிடிக்க ஆரம்பிக்கும், அப்போது பெலகோஸின் லாக்கைத் திறந்து விரலாலேயே தளர்த்த முடிகிறது, ஐந்து படியில் மொத்தம் 8 மி.மீ. வரை. நான் பார்த்த 58-இல் இதற்கு ஒரு ஊசி தேவை. கையில் வாட்ச் இருப்பதே பாதி நேரம் மறந்துபோனது.

ராத்திரி கரண்ட் போனது. வளவு முழுக்க இருட்டு, டயலோடு வெளிவளையத்து எண்களும் நீலமாக எரிந்தன. 58-இன் வளையத்தில் ஒளிர்வது ஒரே ஒரு புள்ளி.

மே 15

அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. கை என்னவோ போல் இருக்கிறது. அந்தப் பொன்னிறம் போகிறதே என்ற வருத்தம் நிஜம்தான், ஆனாலும் தினம் கட்டப்போவது இந்த வெயிலில். சரி, பெலகோஸ்தான்.

சென்னைக்குப் பல்லவன் ரயிலில் இரண்டு டிக்கெட் போட்டாச்சு. அப்பத்தாவும் வருகிறார், கடையில் மற்றதையும் கையில் தூக்கிப் பார்க்க வேண்டுமாம்.