2012 மேக்புக்கில் சோனோமா: நிறுவியது ஒரே மாலையில், நிலைக்க வைத்தது மூன்று வாரத்தில்

2012-ஆம் ஆண்டின் நடுவில் வெளிவந்த என்னுடைய 13 அங்குல மேக்புக் ப்ரோவில், மேக்ஓஎஸ் சோனோமாவின் சிறு புதுப்பிப்பு ஒன்று நேற்றிரவு எந்தச் சேதமும் இல்லாமல் ஏறி முடிந்தது. வைஃபை இருக்கிறது, டாக்கின் கண்ணாடித் தோற்றம் இருக்கிறது, சாளரங்கள் இழுத்த இழுப்புக்கு வருகின்றன. 2019-இல் வந்த காட்டலினா பதிப்போடு அதிகாரபூர்வமான ஆதரவு நின்றுபோன இயந்திரம் இது என்பதையும், இதற்கு முந்தைய இரண்டு புதுப்பிப்புகளும் அதைப் படுக்கையில் தள்ளின என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நேற்றிரவு நான் கொஞ்சம் அதிகமாகவே மகிழ்ந்தது நியாயமாகப் படும்.

ஆப்பிள் கைவிட்ட மேக்குகளில் புதிய மேக்ஓஎஸ்ஸை ஏற்ற உதவும் ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தியவர்களுக்குப் பென் டிரைவ் தயாரிக்கும் கதை அலுத்திருக்கும். ஆகையால் அதில் நான் செய்த ஒரே ஒரு பிழையை மட்டும் குறிப்பிட்டுவிட்டுக் கடக்கிறேன். பென் டிரைவை 2015 மேக்புக் ஏர் ஒன்றில் தயாரித்தபோது, பேட்சர் செயலியின் அமைப்புகளில் இலக்கு மாதிரியை மாற்றாமல் விட்டுவிட்டேன். ஏருக்காகக் கட்டப்பட்ட ஓப்பன்கோரை (கணினியைத் தொடக்கிவைக்கும் பூட் நிரலை) வைத்துக்கொண்டு ப்ரோவில் நிறுவ முயன்றதால், நிறுவல் பாதியில் மறுதொடக்கச் சுழலில் சிக்கிக்கொண்டது. பழைய வன்பொருளின் மீதுதான் முதலில் சந்தேகம் எழுந்தது. ரேமைக் கழற்றி மாட்டினேன், எஸ்எஸ்டியை வெளியே எடுத்துச் சோதித்தேன், வேறொரு பென் டிரைவையும் முயன்றேன். இரண்டு மாலைகள் வீணான பிறகே, மாதிரியின் பெயர் 'மேக்புக்ப்ரோ 9,2' என்று இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று இருப்பதைக் கண்டேன். அதைத் திருத்திய பின் ஒரே மாலையில் நிறுவல் முடிந்தது.

அந்தப் பிழை ஏன் அவ்வளவு பெரிய விளைவைத் தந்தது என்பதை ஆராய்ந்தபோது தெரிந்தது, எனக்கு இந்த முயற்சியிலேயே மிகவும் பிடித்த செய்தி. என் கணினியில் இருப்பது இன்டெலின் ஐவி பிரிட்ஜ் தலைமுறைச் சிப். அதில் ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுதி இல்லை, அது அடுத்த தலைமுறையான ஹாஸ்வெல்லில்தான் வந்தது. 2022-இல் வெளியான வென்சுரா பதிப்பிலிருந்து, இன்டெல் மேக்குகளில் மென்பொருள்கள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் நூலகத் தொகுப்பு ஏவிஎக்ஸ்2 இருப்பதாகக் கொண்டே வழங்கப்படுகிறது. ஆனால் ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் இன்டெல் மென்பொருள்களை ஓட்டும் ரொசெட்டாவுக்கென்று தனியாக ஒரு தொகுப்பு உண்டு. ரொசெட்டா அப்போது ஏவிஎக்ஸ்2-ஐ மொழிபெயர்க்காததால், அந்தத் தொகுப்பில் அந்தக் கட்டளைகள் இல்லை. பேட்சர் என் கணினிக்காகச் சேர்க்கும் கிரிப்டெக்ஸ்ஃபிக்ஸப் என்ற சிறு நீட்சி, நிறுவலின்போது அந்த ரொசெட்டா தொகுப்பையே இந்தப் பழைய இன்டெல் கணினிக்குள் இறக்கிவிடுகிறது. புதிய சிப்புக்காகச் செய்த ஏற்பாடு பழைய சிப்பைக் காப்பாற்றுகிறது. 2015 ஏரின் சிப்பில் ஏவிஎக்ஸ்2 இருப்பதால், அதற்காகக் கட்டிய ஓப்பன்கோரில் இந்த நீட்சிக்கு வேலையே இல்லை.

இடையே ஒரு முணுமுணுப்பு. என்னிடம் கோர் 2 டூயோ மேசைக்கணினி ஒன்றும் இருக்கிறது. அதில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பை ஏற்ற ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லுக்கான சோதனையையும் செக்யூர் பூட் சோதனையையும் தாண்ட வழிகள் பல உண்டு, ஏனெனில் அவை நிறுவியின் கேள்விகள் மட்டுமே. ஆனால் அந்தப் பதிப்பின் மையக்கருவான கெர்னலே பாப்கவுண்ட் என்ற சிப் கட்டளையைக் கேட்கிறது. கோர் 2 வரிசையில் அது கிடையாது, அந்தக் கட்டளை இல்லாத மாற்றுத் தொகுப்பு எதையும் யாரும் தரவுமில்லை. அந்தக் கணினி இப்போது லினக்ஸோடு நிம்மதியாக இருக்கிறது.

இனி என்னை மூன்று வாரம் அலைக்கழித்த ரூட் பேட்ச், அதாவது சிஸ்டம் கோப்புகளின் மீதே போடும் ஒட்டு. சோனோமாவை நிறுவியவுடன் கிடைப்பது நடக்கத் தெரிந்த, பேசத் தெரியாத கணினி. எச்டி 4000 கிராபிக்ஸுக்கான டிரைவர்கள் 2021-இன் மாண்டரேயிலேயே நீக்கப்பட்டுவிட்டன. பழைய பிராட்காம் வைஃபை சில்லுகளுக்கான ஆதரவு சோனோமாவில் நீக்கப்பட்டது. எனவே பேட்சர், மாண்டரேக்கு முந்தைய பிக் சர் காலத்துக் கிராபிக்ஸ் டிரைவர்களையும் வென்சுரா காலத்து வைஃபை நூலகங்களையும் எடுத்துச் சோனோமாவின் சிஸ்டம் பகுதிக்குள் எழுதுகிறது. அந்தப் பகுதியோ பிக் சரிலிருந்து முத்திரையிடப்பட்டது: ஒவ்வொரு கோப்பும் கணக்கில் வைக்கப்பட்டு, கணினி உண்மையில் அதன் ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் உறையவைத்த படி) ஒன்றிலிருந்தே இயங்குகிறது. ஒட்டுப் போட வேண்டுமென்றால் முத்திரையை உடைத்து, புதிய ஸ்னாப்ஷாட் எடுத்து, அதிலிருந்து பூட் ஆகச் செய்ய வேண்டும். இதற்காகவே எஸ்ஐபி என்ற பாதுகாப்பு வேலியின் சில பலகைகளைப் பேட்சர் முன்கூட்டியே கழற்றி வைக்கிறது; பதினறும எண்ணில் 803 என்று அமைப்புகளில் காண்பது அதுதான். பாதுகாப்பில் இது ஓர் இழப்பு என்பதை நான் மறைக்கவில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் வேலைகளுக்கு இந்தக் கணினியை நான் பயன்படுத்துவதில்லை.

முத்திரை உடைந்த சிஸ்டத்துக்குச் சிறு புதுப்பிப்பு என்று ஒன்று கிடையாது. மாற்றங்களை மட்டும் இறக்கும் வசதி போய்விடுவதால், ஒவ்வொரு முறையும் முழு நிறுவியளவு, அதாவது 12 ஜிபிக்கு மேல் இறங்குகிறது. இறங்கி முடிந்து புதிய, முத்திரை குலையாத சிஸ்டம் எழுதப்பட்டதும் நம் ஒட்டுகள் அனைத்தும் போய்விடும். மறுதொடக்கத்துக்குப் பிறகு சுட்டி இழுபடுவதையும், மெனுப் பட்டை மங்குவதையும், வைஃபை குறியில் குறுக்குக் கோடு விழுவதையும் முதல் முறை பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. நல்லவேளையாக இந்த மாதிரியில் ஈதர்நெட் துளை இருக்கிறது. வைஃபையை ஒட்டுவதற்கு வேண்டியதை இறக்க வைஃபை இல்லை என்ற முட்டுச்சந்தில் நான் நிற்க நேரவில்லை.

நான் தவறியது வரிசையில். பேட்சர் செயலியின் பழைய பதிப்பை வைத்துக்கொண்டே மேக்ஓஎஸ்ஸைப் புதுப்பித்தேன். உள்நுழைந்ததும் அந்தப் பழைய செயலி ஒட்டுகளைப் போடட்டுமா என்று கேட்க, ஆவலில் சரி என்று அழுத்தினேன். அடுத்த பூட்டில் முன்னேற்றப் பட்டை பாதியில் நின்றது. அரை மணி நேரம் காத்திருந்தும் அது அசையவில்லை. இரண்டாவது புதுப்பிப்பிலும் ஏறக்குறைய இதே பிழையைச் செய்தேன். செயலியைப் புதுப்பித்தேன், ஆனால் அதைக் கொண்டு ஓப்பன்கோரை மீண்டும் கட்டி, வட்டில் பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பகுதியில் எழுத மறந்தேன்.

இந்த நிலையிலிருந்து மீள்வதற்கான வழியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஓப்பன்கோரின் தேர்வுத் திரையில் ஸ்பேஸ் விசையை அழுத்தினால் மறைந்திருக்கும் ரிகவரி என்ற மீட்புச் சூழல் தெரியும். அதனுள் சென்று டெர்மினலைத் திறந்து, முதலில் சிஸ்டம் வட்டை எழுதத்தக்க நிலையில் மவுன்ட் செய்ய (இணைக்க) வேண்டும். இதைச் செய்யாமல் அடுத்த கட்டளைக்குப் போய்த்தான் முதல் நாள் அனுமதிப் பிழைகளோடு மல்லாடினேன். வட்டின் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும் என்பதும் அந்த நள்ளிரவில் எனக்கு மறந்திருந்தது. பிறகு பிளெஸ் என்ற கட்டளையைக் கொடுத்து, கடைசியாக முத்திரையிடப்பட்ட ஸ்னாப்ஷாட்டுக்கே பூட்டைத் திருப்ப வேண்டும். ஆசி என்று பொருள்படும் பெயரை அந்தக் கட்டளைக்கு வைத்தவர் இப்படியொரு இரவைக் கடந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆசி கிடைத்த பின்னும் என் கணினி எழவில்லை. ஒட்டுகளில் ஒரு பகுதி சிஸ்டம் பகுதியில் இல்லை, தரவுப் பகுதியின் லைப்ரரியில் எக்ஸ்டென்ஷன்ஸ் அடைவில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்னாப்ஷாட்டைத் திருப்பினால் அது போகாது. அந்த அடைவுக்குள் ஹைபாயின்ட், சாஃப்ட்ரெய்டு என்று தொடங்கும் கோப்புகள் இயல்பாகவே இருப்பவை, அவற்றைத் தொடக்கூடாது. மற்றவற்றை நீக்கிய பிறகுதான் உள்நுழைவுத் திரை வந்தது. இந்த ஒரு படியைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

நேற்றிரவு வரிசையை ஒரு தாளில் எழுதி விசைப்பலகைக்கு மேல் ஒட்டிக்கொண்டே தொடங்கினேன்: செயலியைப் புதுப்பித்து, ஓப்பன்கோரைக் கட்டி உள்வட்டில் எழுதி, ஒருமுறை மறுதொடக்கம் செய்து, அதன் பிறகே மேக்ஓஎஸ் புதுப்பிப்பு, இறுதியில் ஈதர்நெட் கம்பியோடு ரூட் பேட்ச். தானியங்கிப் புதுப்பிப்பை முழுவதுமாக அணைத்துவிட்டேன். முதல் சில மணி நேரம் ஸ்பாட்லைட் என்ற தேடல் வசதி கோப்புகளை அட்டவணை போட்டதில் விசிறி அலறியது, காலையில் அமைதியாகிவிட்டது.

ரேம் பற்றியும் ஒரு சொல். 8 ஜிபி அட்டைகள் இரண்டு போட்டு 16 ஜிபி ஆக்கியிருக்கிறேன். இந்த மாதிரி அதை மறுப்பின்றி ஏற்கிறது, சோனோமாவுக்கு 8 ஜிபி மூச்சு முட்டுகிறது என்பது என் அனுபவம். இணையத்தில் வாங்கிய இரண்டு அட்டைகளிலும் வேகம் 1600 என்றே அச்சிட்டிருந்தாலும், ஒன்று தன்னை 1333 என்று அறிவித்ததால் இரண்டுமே 1333-இல் ஓடுகின்றன. விற்றவரிடம் மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் இல்லை.

மூடியைத் திறந்ததும் சில வேளைகளில் வைஃபை அரை நிமிடம் தேடித் திணறும் சிக்கல் இன்னும் தீரவில்லை. அதைத் தீர்க்காமலேயே அடுத்ததற்குக் கை பரபரக்கிறது: வட்டின் அதே ஏபிஎஃப்எஸ் கன்டெய்னரில் இன்னொரு வால்யூம் (தனிப் பகுதி) உருவாக்கி, அதில் சோனோமாவுக்கு அடுத்த பதிப்பான சீக்கோயாவை நிறுவிப் பார்க்கும் எண்ணம். இன்டெல் மேக்குகளுக்கு, சீக்கோயாவுக்கும் அடுத்ததான டஹோவே கடைசி என்று 2025 ஜூனில் அறிவித்துவிட்டார்கள். அதிலும் நான்கே நான்கு இன்டெல் மாதிரிகளுக்குத்தான் இடம் உண்டு. என் கணினிக்கு நான் மனத்தில் வைத்திருக்கும் எல்லை சீக்கோயாதான். அதற்கான 32 ஜிபி பென் டிரைவ் இன்று மதியம் தயாராகிவிட்டது. இம்முறையும் அதை அந்த ஏரில்தான் தயாரித்தேன். மாதிரியின் பெயரை இரண்டு முறை சரிபார்த்திருக்கிறேன்.